ஊறப்போடாத ஒடியல் மா

கொடிகாமம்
1934 தை 9

மச்சாளுக்கு லூர்த்தம்மா எழுதிறது.

உறையிலை என்ரை பேரைப் போடேல்லை. போட்டிருந்தால் திறவாமலே திருப்பி அனுப்பியிருப்பியள். இப்ப திறந்திட்டியள், இனி முழுக்க வாசிக்கிறதிலை நட்டமில்லை.

அண்ணையின்ரை செத்தவீட்டிலை கதைச்ச கதைக்குப் பிறகு மூண்டு வருசமாய் நான் உங்கடை படலையை மிதிக்கேல்லை. நீங்களும் கூப்பிடேல்லை. அது கிடக்கட்டும். தேங்காய் கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வாற எங்கடை சந்தியோகு சொன்னான், மார்கழி நத்தார்ப் பூசையிலை நீங்கள் கோயில் தூணைப் பாத்து “வழியை விட்டு விலகி நில்லும்” எண்டு சொன்னீங்களாம். எல்லாரும் சிரிச்சவையாம். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது, பிறகு நிண்டிட்டுது.

மானிப்பாய் மிசன் ஆசுப்பத்திரி டாக்குத்தர் கண்ணிலை இருக்கிற படலத்தை வெட்டி எடுக்கலாம் எண்டவராம். ஆனால் சீனி வருத்தம் இறங்கினால்தான் கத்தி வைப்பன், இல்லாட்டிப் புண் ஆறாது எண்டு சொல்லிப்போட்டாராம். அண்ணைக்குக் காலிலை வந்ததும் உதுதானே. அரிசிமாப் பிட்டையும் சீனியையும் விடச் சொன்னவராம். நீங்கள் காலமையும் பிட்டு, இரவும் பிட்டு எண்டு இருக்கிற ஆள். எப்பிடி விடுவியள்?

அதுதான் சந்தியோகுவிட்டை ஒடியல் மா குடுத்து விடுறன். பனங்கிழங்கைக் காயவைச்சு நானே இடிச்சது. இதிலை கொஞ்சம் சாப்பிட வயிறு நிறைஞ்சிடும். வாய் சீனி கேக்காது. அரிசிமாப் பிட்டுப் போலைதான், திருவின தேங்காய்ப்பூப் போட்டுக் குழைச்சு நீத்துப்பெட்டியிலை அவியுங்கோ. வேறை ஒண்டுமில்லை.

பதில் எழுதவேணும் எண்டில்லை.

லூர்த்தம்மா

•

கொழும்புத்துறை வீதி, யாழ்ப்பாணம்
15.1.1934

லூர்த்தம்மா,

கடிதம் வந்தால் பதில் எழுதவேண்டும் என்பது கன்னியர் மடத்தில் எங்களுக்குக் கற்றுத் தந்த ஒழுங்கு. ஆகவே எழுதுகிறேன். எழுத்துப் பெரிதாக இருப்பதற்குக் காரணம் கண். வரிகள் சாய்ந்திருந்தால் அதற்கும் அதுவே காரணம்.

முதலில் ஒரு திருத்தம். நான் பேசியது தூணோடு அல்ல. சுவாமியார் உள்ளே இருந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் தொட்டியின் கதவோடு. நடைபாதையில் அது திறந்தபடி நின்றது. பூசை நேரத்தில் அதைத் திறந்து விட்டவரைப் பற்றி ஒருவரும் சிரிக்கவில்லை.

இனி உன் மா. உன் கடிதத்தைச் சன்னலோரம் வெயிலில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். அரிசிமாப் பிட்டைப் போலக் குழைத்து அவிக்கும்படி எழுதியிருந்தாய். வேறொன்றுமில்லை என்றும் எழுதியிருந்தாய். சமையலுக்கு நிற்கிற இரத்தினம்மா ஊருக்குப் போயிருந்ததால் நானே குழைத்தேன். நீ எழுதியதற்கு மேலாக ஒன்றும் செய்யவில்லை, குறைவாகவும் செய்யவில்லை. முதற்பிடியை வாயில் வைத்தேன். வேப்பெண்ணெய் இதற்குத் தேவலை. மிச்சத்தைக் கோழிக்குப் போட்டேன். கோழியும் ஒருதரம் கொத்திவிட்டு அலகை மண்ணில் துடைத்துக்கொண்டு போனதாகப் பக்கத்து வீட்டு றோஸ் சொன்னாள்.

என் கணவரின் உடல் விறாந்தையில் கிடக்க, வந்த சனமெல்லாம் கேட்க, “வெள்ளைப் பிட்டும் சீனியும் தீத்தித் தீத்தியே என்ரை அண்ணையைச் சாகடிச்சுப்போட்டா” என்று நீ சொன்னாய். அன்றைக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லப் போவதில்லை. அந்த வெள்ளைப் பிட்டுக்குப் பதிலாக இந்தக் கசப்புப் பிட்டு என்றால், பொதியும் கிடைத்தது, கருத்தும் விளங்கியது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். என் வீட்டில் பிட்டு மாவை மூன்று தரம் அரிப்போம். மல்லிகைப்பூவைக் கொட்டியதுபோல் இருக்கும் என்று சொன்னவர் உன் அண்ணை.

மதலேனம்மா கனிசியஸ்

•

கொடிகாமம்
தை 18

மச்சாள்,

ஊறப்போடாமலே அவிச்சனீங்கள்?

கடிதத்தை வாசிச்சுப்போட்டு அடுப்படியிலை நிலத்திலை இருந்திட்டன். இவர் ஓடிவந்து ஆர் செத்தது எண்டு கேட்டார். கோழி அலகைத் துடைச்ச இடத்தை வாசிச்சுக் காட்டினன். மனிசன் இருமி இருமிச் சுருட்டைக் கீழை போட்டிட்டார்.

ஒடியல் மாவை ஊறப்போட்டு அவிக்கிறது எண்டு ஆர் ஆருக்குச் சொல்லித்தாறது? சோறு காச்சு எண்டால் பானையிலை தண்ணி விடு எண்டும் எழுதவேணுமே? நீங்கள் ஒடியல் கூழ் குடிச்ச ஆள்தானே. குடிச்ச கோப்பை மட்டும்தான் உங்கடை கைக்கு வந்தது போலை, ஆக்கின சட்டி வேறை ஆளின்ரை கையிலை. பிழை என்னிலையும் இருக்கு. கன்னியர் மடத்திலை படிச்ச ஆளுக்கு எழுதேக்கை எல்லாத்தையும் எழுதவேணும் எண்டு எனக்குப் படிப்பிச்ச ஆக்களில்லை.

இப்ப எழுதிறன். பெரிய சட்டியிலை நிறையத் தண்ணி விட்டு மாவைக் கரைச்சு வையுங்கோ. மா அடியிலை படிஞ்சவுடனை மேல்தண்ணியை ஊத்துங்கோ. அந்தத் தண்ணிதான் கசப்பு. திருப்பித் தண்ணி விடுங்கோ, திருப்பி ஊத்துங்கோ. நாக்கு நுனியிலை வைச்சுப் பாருங்கோ, கசப்புப் போகும் வரைக்கும் இதுதான் வேலை. பிறகு வெள்ளைத் துணியிலை கட்டிப் பிழிஞ்சு உதிர்த்துங்கோ. மா எவ்வளவோ அவ்வளவுக்கு முருங்கையிலை. பச்சைமிளகாயும் வெங்காயமும் அரிஞ்சு போடுங்கோ. தேங்காய்ப்பூ கொஞ்சமாய்ப் போடுங்கோ, வாசத்துக்கு மட்டும். அரைவாசி இலை எண்டபடியால் கோப்பை நிறைய இருக்கும், சீனி உடம்பிலை ஏறாது.

செத்தவீட்டிலை சொன்னது சொன்னதுதான். நான் அறைக்குள்ளை வரேக்கை அண்ணையின்ரை கட்டிலடியிலை சீனி போட்ட வெள்ளைப் பிட்டுக் கோப்பை இருந்தது. என்ரை கண்ணாலை கண்டனான். காணேல்லை எண்டு எழுத என்னாலை ஏலாது. ஆனால் பொதியிலை கசப்பைக் கட்டி அனுப்பிற ஆள் நான் இல்லை. கோவம் வந்தால் நேரை வந்து ஏசிப்போட்டு, ஒரு தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போற ஆள்.

திரும்ப மா அனுப்பியிருக்கிறன். கோழிக்குக் காட்டாதேங்கோ.

லூர்த்தம்மா

•

யாழ்ப்பாணம்
5.2.1934

லூர்த்தம்மா,

மா ஊறியது.

நீ எழுதாத ஒரு காரியத்தை நானாகச் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பிழிந்த மாவை என் வழக்கப்படி அரித்தேன். அரிதட்டு முழுவதும் களியாக ஒட்டிக்கொண்டது. இரத்தினம்மா தென்னோலை ஈர்க்கால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுத்தாள். எனக்குக் கேட்காது என்று நினைத்து ஏதோ முணுமுணுத்தாள். எனக்குக் கண்தான் மங்கல்.

முதல் நாட்களில் வயிறு நிறைந்தது, வாய் நிறையவில்லை. அரிசிமாப் பிட்டு ஆவி பறக்க வரும்போது ஒரு மணம் உண்டல்லவா, அதைத் தேடிக்கொண்டே உண்டேன். இதன் மணம் மழை பெய்த தரையின் மணம். நிறம் எப்படி என்று எனக்குத் தெரியாது. இப்போது எனக்கு எல்லாக் கோப்பையிலும் ஒரே மூட்டம்தான். இரத்தினம்மாவிடம் கேட்டேன். நல்ல நிறம் என்றாள்.

பிறகு ஒரு நாள் கொழும்புத்துறையிலிருந்து மீன் கொண்டு வருகிறவள் பொடி இறால் கொண்டு வந்தாள். கோது நீக்கி, மஞ்சள் போட்டுப் பிரட்டி, மாவோடும் இலையோடும் சேர்த்து அவிக்கச் சொன்னேன். இறக்கியவுடன் புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்தேன். லூர்த்தம்மா, அன்றைக்கு நான் சீனியை நினைக்கவேயில்லை. உன் முறையில் குறை இருந்தது என்று சொல்லவில்லை. முடிவு இருக்கவில்லை என்று சொல்கிறேன்.

மானிப்பாய்க்குப் போய் வந்தேன். அவர்கள் அமெரிக்க மிசன்காரர், நம்முடைய சபை அல்ல. அதைப் பற்றி எங்கள் பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். கண்ணுக்கு ஞானஸ்நானம் இல்லை, போய் வாருங்கள் என்றார். அங்கே மருந்து கலக்கும் அப்போதிக்கரி ஒரு குழாயில் நீல மருந்தை விட்டு, கொண்டுபோன சிறுநீரில் சில துளி விட்டுக் காய்ச்சுகிறார். சீனி கூடினால் செங்கல் நிறம். குறையக் குறைய மஞ்சள், பச்சை. இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். போன மாதம் எனக்குச் செங்கல். இந்த முறை மஞ்சள் என்று சொன்னார்கள். நீலம் வந்து, அது மாறாமல் நிற்கவேண்டும். அதன் பிறகுதான் கண்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. செபப் புத்தகத்தை நானே வாசிக்கவேண்டும். பூசையில் நற்கருணை நன்மை வாங்கப் போகும்போது ஒருவரும் என் முழங்கையைப் பிடிக்கக் கூடாது.

மா முடிந்துகொண்டு வருகிறது.

மதலேனம்மா கனிசியஸ்

•

கொடிகாமம்
மாசி 20

மச்சாள்,

இறால் போட்டு இங்கையும் அவிச்சனான். இவர் சாப்பிட்டு முடிச்சிட்டு, “உன்ரை மச்சாளின்ரை கண் சுகமாக முந்தி இன்னும் என்னென்ன கண்டுபிடிப்பா எண்டு கேட்டு எழுது” எண்டார். நான் இத்தனை வருசம் ஆக்கிப் போட்டனான், ஒருநாளும் கேள்வி வந்ததில்லை. தேசிக்காய் உங்கடை புத்தி எண்டு ஒத்துக்கொள்ளுறன்.

இனிச் சொல்லப்போறதுக்குக் கோவிப்பியள். கோவியுங்கோ.

நாப்பது நாள் தவசு தொடங்க முந்தின ஞாயிறு தேவராசா வீட்டுப் பிள்ளையின்ரை ஞானஸ்நான விருந்திலை நீங்கள் வெள்ளைப் பிட்டும் மாம்பழமும் சாப்பிட்டீங்களாம். அதுக்கு மேலை சீனியும் கேட்டு வாங்கினீங்களாம். சந்தியோகுவும் அந்தப் பந்தியிலை இருந்தவன். “மாமி மூண்டாந்தரமும் கோப்பையை நீட்டினவ” எண்டு சொல்லிச் சிரிச்சான். நான் சிரிக்கேல்லை.

அண்ணையும் இப்பிடித்தான். இண்டைக்கு மட்டும், நாளையிலை இருந்து விடுறன் எண்டு சொல்லிச் சொல்லி இருந்தவர். அந்த நாளை வரேல்லை மச்சாள். அண்ணையின்ரை பக்கத்திலை எனக்கு மிச்சம் இருக்கிற உறவு நீங்கள் ஒரு ஆள்தான், அதுவும் என்னோடை கதைக்காத உறவு. அதையும் நான் சவப்பெட்டிக்குள்ளை வைச்சுப் பாக்கவோ?

மா அனுப்பிறன். ஏசி எழுதினாலும் பறவாயில்லை. எழுதுங்கோ.

லூர்த்தம்மா

•

யாழ்ப்பாணம்
3.3.1934

லூர்த்தம்மா,

சந்தியோகு தேங்காய் விற்கிறானா, என்னை விற்கிறானா? மூன்றாந்தரம் அல்ல. இரண்டாந்தரம்.

மற்றதெல்லாம் உண்மை. மானிப்பாயில் குழாய் திரும்பவும் செங்கலாகிவிட்டது. டாக்குத்தர் ஏசவில்லை. “அம்மா, கத்தி என்னுடைய கையில், நாள் உங்களுடைய கையில்” என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு மறுமொழி இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். உன் கடிதத்தைத் திரும்பவும் எடுத்து வாசித்தேன். வாசித்த பிறகு இதை எழுதவேண்டும் என்று தோன்றியது. மூன்று வருடமாக இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டவளுக்குச் சொல்லலாம். குற்றம் சாட்டியவளுக்கு நான் ஏன் சொல்லவேண்டும் என்றிருந்தேன்.

கட்டிலடியில் நீ கண்ட கோப்பையைப் பற்றி.

டாக்குத்தர் சீனியை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து என் வீட்டில் பிட்டு அவியவில்லை. அவர் உண்ணாததை நானும் உண்ணவில்லை. அவர் வெளியில் எங்கே எதை உண்டார் என்பது எனக்குத் தெரியாது, நான் கேட்டதுமில்லை. கடைசிக் கிழமை, கால் கறுத்து மேலே ஏறிவிட்டபோது, டாக்குத்தர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டு, இனி மறிக்க ஒன்றுமில்லை, அவர் கேட்பதைக் கொடுங்கள் என்றார். நான் உள்ளே போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். உன் அண்ணை சொன்னார், “மதலேன், உம்முடைய வெள்ளைப் பிட்டிலை ஒரு வாய்.”

மூன்று தரம் அரித்தேன். அவர் ஒரு வாய்தான் உண்டார். மிச்சம் கோப்பையில் இருந்தது. அடுத்த நாட் காலை நீ றெயில் கோச்சியால் இறங்கி வந்தாய்.

அவர் போன பிறகு காலையிலும் இரவிலும் பிட்டு அவிக்கத் தொடங்கினேன். அந்தக் கோப்பையில் மிச்சமிருந்ததைத்தான் இந்த மூன்று வருடமும் உண்டு தீர்த்துக்கொண்டிருந்தேன் போலும். அதை ஞானஸ்நான விருந்தில் இருந்தவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

எழுதிவிட்டேன். இதற்கு நீ பதில் எழுதவேண்டும் என்றில்லை.

மதலேனம்மா

•

கொடிகாமம்
பங்குனி 7

மச்சாள்,

உங்கடை கடிதத்தை இவருக்கு வாசிச்சுக் காட்டேல்லை. மாட்டுக்கொட்டில் பக்கம் கொண்டுபோய் வாசிச்சனான்.

உங்களிட்டைக் கேக்கவேண்டிய ஒரு சொல் இருக்கு. எழுத வெளிக்கிட்டன். அதுக்கு எந்த ன எண்டு தெரியேல்லை, மூண்டு சுழியோ ரெண்டு சுழியோ. பிழையாய் எழுதினால் நீங்கள் சிவப்பு மையாலை கோடு போடுற ஆள். அதாலை எழுதேல்லை.

சனிக்கிழமைக் கோச்சியிலை வாறன். ஒரு பெட்டி மாவும் கொண்டு வாறன். கண் வெட்டி முடியும் வரைக்கும் உங்கடை அடுப்படி என்ரை பொறுப்பு. இவருக்குச் சொல்லிப்போட்டன், தேங்காயையும் மாட்டையும் அவர் பாப்பார். இரத்தினம்மாவுக்குச் சொல்லி வையுங்கோ, அரிதட்டை நான் ஒளிச்சு வைக்கப்போறன்.

படலையைத் திறந்து விடுங்கோ. தட்டிக்கொண்டு நிக்க எனக்கு வெக்கம்.

லூர்த்தம்மா

•

கொடிகாமம்
வைகாசி 9

மச்சாள்,

சுகமாய் வந்து சேந்தன். வீடு கிடந்த கிடையை எழுதினால் உங்களுக்குக் காய்ச்சல் வரும். இவர் நான் இல்லாத நாளெல்லாம் கடைப் பாணும் சம்பலும்தானாம். என்னைக் கண்டவுடனை சுகம் கேக்கேல்லை, “இறால் கொண்டு வந்தனியே” எண்டுதான் கேட்டார்.

கண் வெட்டின கட்டு அவிழ்த்த பிறகு வெளிச்சத்தைப் பாக்காதேங்கோ எண்டு டாக்குத்தர் சொன்னதை மறக்காதேங்கோ. கறுப்புக் கண்ணாடியைக் கழட்டாதேங்கோ. குழாய் இப்பவும் நீலம்தானே? ஆசுப்பத்திரியிலை தலையை ஆட்டாமல் கிடந்த அந்த நாட்களிலை நான் பிட்டைத் தீத்தேக்கை, “உப்புக் குறைவு” எண்டு ஒவ்வொரு வாய்க்கும் சொன்னீங்கள். பக்கத்துக் கட்டில் மனிசி நான் உங்கடை வேலைக்காரி எண்டு நினைச்சிட்டா. இல்லை, மச்சாள் எண்டன். அப்ப சரி எண்டா.

அடுத்த மாதம் தடிச்ச கண்ணாடி வரும் எண்டவை. அதைப் போட்டுக்கொண்டு முதன்முதல் நீத்துப்பெட்டியைத் திறக்கேக்கை எனக்கு ஏசக்கூடாது. ஏன் எண்டு இப்ப சொல்லமாட்டன்.

லூர்த்தம்மா

•

யாழ்ப்பாணம்
4.6.1934

அன்புள்ள லூர்த்தம்மா,

எழுத்துச் சிறிதாக இருக்கிறதா? வரி நேராக இருக்கிறதா? கோடு போடாத கடதாசியில் எழுதுகிறேன்.

கண்ணாடி வெள்ளிக்கிழமை வந்தது. போத்தலின் அடியை வெட்டிச் சட்டத்தில் போட்டதுபோல் தடிப்பு. மூக்கு நோகிறது. நேரே பார்த்தால் எல்லாம் கிட்ட வந்து நிற்கின்றன, பக்கம் பார்த்தால் வளைகின்றன. பழகிவிடும் என்றார்கள். ஞாயிறு கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கதவைப் போய்ப் பார்த்தேன். அது சுவரோடு அணைந்திருக்கிறது. திறந்தாலும் நடைபாதைக்கு எட்டாது. ஆகவே அது தூண்தான். சந்தியோகுவுக்குச் சொல்லத் தேவையில்லை.

நன்மை வாங்கத் தனியே நடந்து போனேன். றோஸ் பழக்கத்தில் முழங்கையைப் பிடிக்க வந்தாள். விடு பிள்ளை என்றேன். என் இடத்துக்குத் திரும்பி வந்து செபப் புத்தகத்தை விரித்தேன். எழுத்தெல்லாம் கறுப்பாக, தனித்தனியாக, ஒழுங்காக நின்றன. அங்கேயே இருந்து கொஞ்ச நேரம் வாசித்தேன். சனம் போய்விட்டது. கோயிலைப் பார்க்கிற சங்கித்தார் விளக்கை அணைக்கத் தொடங்கிய பிறகுதான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தால் இரத்தினம்மா பிட்டை அவித்து, மூடி வைத்துவிட்டு, பின்பக்கம் போய் நின்றுகொண்டாள். திறந்தேன்.

லூர்த்தம்மா, இந்த நிறத்தைப் பற்றி நீ ஒருநாளும் எழுதவில்லை. சேற்று நிறம் என்றால் சேறு கோவிக்கும். அதற்குள் கருகிய பச்சையில் இலை. மல்லிகைப்பூ நிறத்தில் பிட்டு அவித்தவளுக்கு, தையிலிருந்து ஆனி வரைக்கும் இதைத் தந்திருக்கிறாய். இரத்தினம்மா நல்ல நிறம் என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் கூட்டு. கண் தெரிந்திருந்தால் விரல் நுனியாலும் தொட்டிருக்க மாட்டேன். தொட்டிருக்காவிட்டால் கண் தெரிந்திருக்காது. இதை மானிப்பாய் டாக்குத்தரிடம் சொன்னேன். அவர் வெகு நேரம் சிரித்தார். குழாயைக் காட்டினார். இந்தமுறை என் கண்ணாலேயே பார்த்தேன். நீலம்.

பிறகு நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உண்டேன் என்று நீ நினைக்கலாம். இல்லை. போட்டுக்கொண்டே உண்டேன். இரண்டாந்தரமும் வாங்கினேன். உப்பு அளவாக இருந்தது.

உன்னுடைய கடிதங்களையெல்லாம் எடுத்துத் திரும்பவும் வாசித்தேன். பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. பிழைகளைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லவில்லை, நேரில் வரும்போது உட்கார்ந்து பார்ப்போம். எந்த ன என்று ஒரு சொல்லுக்கு மட்டும் கேட்டிருந்தாய். கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். இரண்டும் இரண்டுசுழி ன. மூன்று சுழி வராது. உன்னை நான் மூன்று வருடம் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன், அதனால் இதை நான் முதலில் எழுதுவதுதான் முறை. பார்த்துப் பழகிக்கொள்:

மன்னிப்பு.

அடுத்த கோச்சியில் மா அனுப்பு. இல்லாவிட்டால் நீயே கொண்டு வா. படலை பூட்டுவதில்லை.

உன் மச்சாள்,
மதலேனம்மா